தடைக்காலத்தில் மட்டும் வந்த மூச்சு

முதன்முதலில் நான் நின்றது இரண்டாம் மாடித் திருப்பத்தில். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். எர்ணாவூரில் நாங்கள் இருக்கும் வாரியக் குடியிருப்புக்கு லாரித் தண்ணீர் வந்த ஒரு சாயங்காலம். எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. அந்தப் படிகளைப் பத்து வருடம் குடத்தோடு ஏறியவள் நான். அன்று கால் நகரவில்லை. மார்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. குடத்தை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்தேன். எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் குக்கரோ என்று நினைத்தேன். சத்தம் என் நெஞ்சுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

என் பெயர் கலைச்செல்வி. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ராயபுரத்தில் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஓர் இறால் ஷெட்டில் வேலை. நாற்பது பெண்கள் வரிசையாக நின்று இறாலின் தலையைக் கிள்ளித் தோலை உரிப்பார்கள். உரித்ததில் ஒரு பங்கைப் பெரிய தொட்டியில் அவிப்பார்கள். நான் பிளஸ் டூ முடித்தவள் என்பதால் எனக்கு மட்டும் எழுத்து வேலை. எந்த ரகம், என்ன அளவு, எந்தத் தேதி என்று மார்க்கரால் லேபிள் எழுதிப் பெட்டியில் ஒட்ட வேண்டும். என் மேசை அவிக்கும் தொட்டிக்கு நான்கடி தள்ளி இருந்தது. ஆவி நேராக முகத்தில் அடிக்கும். ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போய் வேலை செய்கிற மற்றவர்கள் அதைச் சொகுசான இடம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படிச் சொல்லப்பட்ட பிறகும் மூச்சு முட்டுகிறவர்களுக்காக. எனக்கு நோய் வந்ததில் கோபமில்லை. நோய் யாருக்கும் வரும். என் மூச்சு முட்டுகிறதா இல்லையா என்று நானே சந்தேகப்படும்படி செய்தார்களே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை.

ஷெட்டுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில் கூட்டம் நெரியும், அன்று லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆகவே டாக்டரிடம் போவதென்றால் திங்கள் சாயங்காலம்தான். தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளிப்பேன். எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து விரல் இடுக்கெல்லாம் தேய்ப்பேன். பீரோவில் இருக்கும் நல்ல சேலையைக் கட்டிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவேன். இறால் வேலை செய்கிற எந்தப் பெண்ணும் வெளியிடத்துக்கு அப்படித்தான் போவாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவள் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனால் போதும், அப்புறம் ஆயுளுக்கும் எலுமிச்சம்பழம்தான்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் இரண்டு இடத்தில் வைத்தார். “நெஞ்சு கிளீனா இருக்கும்மா. இது கேஸ். நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்றார். மாத்திரையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வந்தேன். செவ்வாயும் புதனும் ஷெட்டில் நின்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடியும் அதே திருப்பம், அதே விசில்.

அடுத்த திங்கள் போனபோது, “இந்த ஏரியாக் காத்தே அப்படிம்மா. எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்றார். அதில் பொய்யில்லை. எங்கள் பக்கம் காலையில் வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் அதை உதறித்தான் மடிக்க வேண்டும். சாம்பல் உதிரும். ஆனால் எல்லாருக்கும் இருக்கிறது என்றால் அது நோயில்லை என்று ஆகிவிடுமா? ஊரே இருமினால் இருமல் ஊரின் பழக்கமா? இதையெல்லாம் அன்று கேட்கத் தெரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெரிய பரிசோதனைகளுக்குத் தடைக்காலம்தான் வசதி. ஏப்ரல் நடுவிலிருந்து இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசாங்கம் விடும் ஓய்வு அது. படகு போகாவிட்டால் எங்கள் ஷெட்டுக்கு இறால் இல்லை, பூட்டிவிடுவார்கள். நேரம் கிடைக்கிறதே என்று அந்த மே மாதம் எக்ஸ்ரே எடுத்தேன், சோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ஸ்பைரோமெட்ரி (ஒரு குழாயில் முழுப் பலத்தோடு ஊதச் சொல்லி நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியேற்றுகிறது என்று அளக்கும் சோதனை) செய்தார்கள். நன்றாக ஊதினேன். எல்லாம் நார்மல்.

ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். “மனசுல ஏதாவது கவலை இருக்கா? வீட்டுக்காரர் குடிப்பாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை. சீட்டில் ‘ஆங்சைட்டி’ (வெளியில் காரணம் தெரியாமல் மனம் பதறி, அதனால் உடம்பும் படபடப்பது) என்று எழுதினார். தூக்கத்துக்கு மாத்திரை. “பாசிட்டிவா யோசிங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் அந்த ஒரு சொல்லை முதலில் படித்துவிட்டுத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

தடைக்காலம் முடிந்து ஷெட் திறந்தது. மூன்றாம் நாள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உரிக்கும் வரிசையில் முதலில் நிற்பவள் மல்லிகா அக்கா. இருபது வருடமாக அந்த இடத்திலேயே நிற்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. அவள்தான் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்:

“இன்னாடி செல்வி, ரெண்டு மாசம் ஜம்முனு இருந்த. குடத்த தூக்கிகினு ஓடுனன்னு ஒன் வூட்டுக்காரரு சொன்னாரு. ஷெட்டு தொறந்ததும் இஸ்துகினு நிக்கிற. வேலன்னா மட்டும் புடிக்கிற ஜல்பா இது?”

ஷெட்டே சிரித்தது. மேஸ்திரி தாமோதரன் அதைப் பிடித்துக்கொண்டார். “எழுதுற வேலைக்கே மூச்சு வாங்குதுன்னா, உரிக்கிறவ இன்னா பண்ணுவா? சீன் போடாத மே.”

அன்று எனக்கு வந்த அழுகையை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் மல்லிகா அக்கா சொன்னது உண்மை. தடைக்காலத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். வேலைக்குப் போனால்தான் முட்டியது. உண்மையைச் சொல்லித்தான் அவள் என்னைக் கேலி செய்தாள். ஒரு பெண் வேலை நாளில் மட்டும் நோயாளி என்றால் வேலைக்கு என்ன கேடு என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் டபாய்க்கிறாள் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதுதான் கொடுமை.

நான் சோம்பேறியோ? எனக்கே தெரியாமல் என் மனசு வேலையிலிருந்து ஜகா வாங்குகிறதோ? குடம் தூக்கும் வேலையை மகள்மேல் தள்ளிவிட நானே இருமலை வரவழைத்துக்கொள்கிறேனோ? படியில் மூச்சு நிற்கும்போதுகூட, ‘இது நிஜமா, நடிப்பா?’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். முட்டுகிற மூச்சோடு சண்டை போடுவதா, அந்தக் குரலோடு சண்டை போடுவதா? மூச்சுக்காவது மாத்திரை உண்டு.

என் கணவர் ஏழுமலை டிரைலர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். அந்த நேரமெல்லாம் போனில் வீடியோ பார்ப்பார். ஒருநாள் போனை என் காதருகே வைத்தார்.

“டாக்டரே ஒண்ணும் இல்லன்றாரு. நீயா மனசுல ஒண்ண வச்சிகினு பேஜாரு பண்ணிக்கிற. இத்த கேளு மே, சூப்பரா பேசுறான்.”

கோட் போட்ட ஒருவர் மேடையில் இங்குமங்கும் நடந்துகொண்டே கத்தினார். தடை உன் மனதில்தான் இருக்கிறது, முடியும் என்று சொல், முடியும். கைதட்டல் காதைப் பிளந்தது. நானும் சொன்னேன். விடிகாலையில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, என்னால் முடியும், என்னால் முடியும் என்று ராயபுரம் வரும் வரைக்கும் முணுமுணுத்தேன். யாரும் என்னைச் சோம்பேறி என்று சொல்லிவிடக் கூடாது என்று, கேட்காமலே கூடுதல் நேரம் நின்றேன். தரையைப் பிரஷர் பைப்பால் அடித்துக் கழுவும் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தத் தண்ணீர் இறால் தோலில் பட்டுப் பனிமாதிரி எழும்பும். அதை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டே, முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோய் தொடங்கி மூன்றாவது வருடம், கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் விழுந்தேன். தொட்டியின் மூடியைத் திறந்தார்கள், ஆவி வந்தது, அதற்குப் பிறகு உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. வாயைத் திறந்தால் சத்தமில்லை. மல்லிகா அக்கா கத்தினது மட்டும் நினைவிருக்கிறது: “அய்யோ, ஒதடு நீலமாவுதுடி!”

பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கி மூச்சோடு உள்ளே அனுப்பும் கருவி) போட்டார்கள். மூச்சு திரும்பியது. பெரிய டாக்டர் வருவதற்குள் நெஞ்சின் விசில் அடங்கிவிட்டது. அவர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார், அவர் காதில் எந்தச் சத்தமும் விழவில்லை. என் ஃபைலைப் புரட்டினார். பழைய சீட்டில் இருந்த அதே சொல்லைப் புதுச் சீட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உதடு நீலமாகப் போனதும் பதற்றம்தானாம்.

இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன். சாகத் தெரிந்தும் நம்பவைக்கத் தெரியவில்லையே என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்று ஃபைலை எடுத்துத் தரையில் கொட்டினேன். எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட், சீட்டுகள். கிழிக்கக் கையில் எடுத்தவள் பழக்கதோஷத்தில் தேதியைப் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் பெட்டியைத் திறந்து இறாலைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பார்ப்போம். இறால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் தேதி சரியில்லை என்றால் பெட்டியை ஒதுக்கி வைத்துவிடுவோம். பதினோரு வருடம் நான் செய்தது அதுதான். சீட்டுகளின் தேதியை வரிசையாகப் படித்தேன். மே மாதம். மே மாதம். ஜூன் தொடக்கம். சமையலறையில் தொங்கிய பழைய தினசரி நாள்காட்டியின் அட்டையிலும் மகளின் போனிலும் கிழமைகளைச் சரிபார்த்தேன். திங்கள். திங்கள். திங்கள். மூன்று வருடத்துச் சீட்டுகளில், அந்த நர்சிங் ஹோம் சீட்டைத் தவிர, ஒன்றில்கூட வேலை நாள் இல்லை. அதிலும் மருந்து கொடுத்து அடங்கின பிறகுதான் பார்த்திருக்கிறார்கள்.

எல்லா டாக்டரும் பார்த்தது என் லீவு நாள் நெஞ்சை. மூச்சு முட்டுகிற நெஞ்சை இதுவரை ஒருவரும் பார்த்ததே இல்லை.

ஏழுமலை வந்ததும் தரையில் பரப்பிக் காட்டினேன். “யோவ், இங்க பாரு. எல்லாம் லீவு நாளு.”

அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “அப்ப இத்தினி நாளு, நீ நல்லா கீற அன்னிக்கா பாத்து டாக்டராண்ட போயிகினு இருந்தியா?”

“போயிகினுதான் இருந்தேன். நீயும்தான் கூட வந்த.”

“தப்புதான் மே” என்றார். அன்றிலிருந்து லாரித் தண்ணீரை அவர்தான் தூக்கினார். வீடியோவை அதற்குப் பிறகு என் காதருகே கொண்டுவரவில்லை.

என்மேல் எனக்கு நம்பிக்கை வந்த நேரம் எது என்று யாராவது கேட்டால் அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் சொல்வேன். கைதட்டல் எதுவும் இல்லை. தரையில் உட்கார்ந்து, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே வேலையை என் உடம்புக்குச் செய்தேன். என்னை நம்பு என்று என்னிடம் நூறு முறை சொன்னார்கள். எதை வைத்து நம்புவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆனாலும் ஒருமுறை ஏமாந்தவள். கையில் ஆதாரம் வேண்டும் என்று நினைத்தேன். வேலைக்குத் திரும்பிய நாளே ஷெட்டிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து வந்தேன். தினமும் சாயங்காலம் கீழிருந்து மேலே ஏறுவேன். எந்தப் படியில் மூச்சு நிற்கிறதோ அந்த இடத்தில் சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. திங்கட்கிழமைக் கோடு எங்கள் வீட்டு வாசல்வரை போகும். செவ்வாய்க்கு இரண்டாம் மாடி. வியாழன், வெள்ளியில் முதல் மாடியிலேயே கோடு விழும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது படி.

முதல் மாடி ஷம்ஷாத் அக்கா சத்தம் போட்டாள். “செவுத்த ஏன் இப்டி கலீஜ் பண்ற? கொயந்த கிறுக்குனா ஒதைக்கலாம், ஒன்ன இன்னா பண்றது?”

படியில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா” என்றாள். மறுநாள் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்தக் கோட்டில் எவன் கை வைத்தாலும் தொலைத்துவிடுவேன் என்று எச்சரித்தாள்.

நான்கு வாரக் கோடுகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை, வேலை நடுவில், காலை பத்தரை மணிக்கு, மேஸ்திரியிடம் சொல்லாமல் வெளியே வந்தேன். குளிக்கவில்லை. கை கழுவவில்லை. சேலை முட்டிவரை நனைந்திருந்தது. காலில் ரப்பர் பூட்ஸ். தலைமுடியில் இறால் ஆவி. நெஞ்சில் விசில். முதல் ஷேர் ஆட்டோக்காரர் என்னை ஏற்றவில்லை. இரண்டாவது ஆட்டோவில் பின்னால் ஓரமாக உட்கார்ந்து அரசு மருத்துவமனை ஒன்றின் நெஞ்சுநோய்ப் பிரிவுக்குப் போனேன்.

அந்த வராந்தாவை நான் மறக்க மாட்டேன். நீள பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இடம் காலியானது. ஒரு பெண் முந்தானையால் குழந்தையின் மூக்கை மூடினாள். நர்ஸ் வந்து முகத்தைச் சுளித்தார். “ஆஸ்பத்திரிக்கு இப்படியா வருவாங்க? குளிச்சிட்டு வரக் கூடாதாம்மா?”

எழுந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எழுந்தேவிட்டேன். போய்க் குளித்துவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, திங்கட்கிழமை மரியாதையாக வந்துவிடலாம் என்று கால் வாசல் பக்கம் திரும்பியது. அத்தனை வருடத்து வெட்கம் இழுக்கிறதே, லேசா? அப்போது இருமல் வந்தது. குனிந்து இருமி முடித்தபோது எனக்கு ஆத்திரம் பொங்கியது. மூன்று வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீயக்காயும் எலுமிச்சம்பழமும் போட்டு நான் தேய்த்துக் கழுவினது என் நோயின் காரணத்தைத்தானே? இந்த நாற்றத்தோடு ஒரு நாள் உள்ளே போயிருந்தால் ஒரு டாக்டராவது ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாரா?

“சிஸ்டர், இந்த நாத்தத்தோடதான் பாக்கணும்” என்றேன். “குளிச்சா போயிடுது, நோவும் போயிடுது. அதான் அப்டியே வந்தேன்.” திரும்பப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் கேட்டார்:

“என்ன வேலை பண்றீங்க?”

மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஒரு டாக்டர் அதைக் கேட்டார். கணவர் குடிப்பாரா என்று கேட்டார்கள், மாமியார் கொடுமையா என்று கேட்டார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். ஒரு நாளில் பாதியை எங்கே நின்று கழிக்கிறாய் என்று கேட்கவில்லை. என் வேலை வேலையாகத் தெரியவில்லையா, நான் வேலை செய்கிறவளாகத் தெரியவில்லையா? பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுதுவிட்டேன்.

அவர் முதுகில் ஆறு இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அதே ஊதும் சோதனை செய்தார்கள். பாதிகூட ஊத முடியவில்லை. இன்ஹேலர் (மருந்தை வாய்வழியே உறிஞ்சும் சின்னக் குப்பி) கொடுத்து, கால் மணி நேரம் உட்கார வைத்து, திரும்ப ஊதச் சொன்னார்கள். அளவு ஏறியது. மாடிப்படிச் சுவரின் படங்களைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு தேதியையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஊதி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றைக் கொடுத்து, வேலை நாளிலும் லீவு நாளிலும் அளந்து எழுதி வரச் சொன்னார். எழுதிப் பழக்கப்பட்ட கைதானே, எழுதினேன். சுவர் சொன்னதையே மீட்டரும் சொன்னது.

அதற்குப் பெயர் தொழில்வழி ஆஸ்துமா (வேலை செய்யும் இடத்துக் காற்றில் கலந்திருக்கும் ஒரு பொருளால் மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குவது). இறாலை அவிக்கும்போதும் தண்ணீரைப் பீய்ச்சும்போதும் அதன் நுண்ணிய துணுக்குகள் காற்றில் ஏறுகின்றன. சிலருடைய உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. சாம்பல் காற்று தன் பங்குக்குப் புண்ணைக் கிளறும், ஆனால் முதல் காரணம் தொட்டிதான் என்றார் டாக்டர். “அந்த ஷெட்ல இனிமே நிக்காதீங்க. மருந்து போட்டுக்கிட்டே அங்க நின்னீங்கன்னா, ஒருநாள் மருந்து கேக்காது.”

“நிக்காம சோத்துக்கு எங்கம்மா போறது? இந்தக் கேள்விய மூணு வருசத்துக்கு முன்ன யாராச்சும் கேட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?” என்று அவரிடமே கத்தினேன். அவர் ஒன்றும் செய்யாதவர். இருந்தாலும் கத்தினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “கேட்டிருக்கணும்” என்றார். முதல் தடவையாக ஒரு டாக்டர் என்னிடம் அப்படிச் சொன்னது எனக்குப் பாதி மருந்து.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மேசையைத் தொட்டியிலிருந்து தள்ளி, வெளி வராந்தாவில் போடும்படி கேட்டேன். ஆவி வெளியே போக மின்விசிறி வைக்கும்படி கேட்டேன். தாமோதரன் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்தபடியே சிரித்தார்.

“எறாலு ஒத்துக்கலன்னு சொன்னா ஊரே சிரிக்கும் மே. நீ குப்பத்துப் பொண்ணுதான? ஒங்கப்பன் கட்டுமரம் வலிச்சவன்தான?”

அந்தச் சொல் எங்கே குத்தும் என்று தெரிந்துதான் சொன்னார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவளின் உடம்பு இறாலை வேண்டாம் என்கிறது என்றால் அது எவ்வளவு பெரிய அவமானம் என்று வெளியாளுக்குப் புரியாது. போன வருடம் சொல்லியிருந்தால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருப்பேன்.

“துன்றதுக்கு நல்லாத்தான் ஒத்துக்குது. நேத்துகூட தொக்கு வச்சேன்” என்றேன். “நீ ஜன்னல் இல்லாத ரூம்புல அவிக்கிறியே, அந்தப் பொகதான் ஒத்துக்கல. எங்கப்பன் கடல்ல வேல செஞ்சாரு. அங்க காத்து இருந்துச்சு.”

வேலை போயிற்று. மீட்டரும் இன்ஹேலரும் கையில் இருந்தன. இரண்டு மாதம் அலைந்து, துறைமுகத்துப் பக்கமே வலையும் கயிறும் விற்கும் ஒரு கடையில் பில் எழுதச் சேர்ந்தேன்.

குணமாகிவிட்டதா என்று கேட்பீர்கள். முழுக்க இல்லை. காலையும் மாலையும் இன்ஹேலர் உறிஞ்சுகிறேன். உறிஞ்சியதும் வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் புண் வரும். இதை எனக்கு மருந்துக் கடையில் யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். மூன்றாம் மாடிக்கு ஒரு குடத்தோடு நிற்காமல் ஏறுகிறேன், இரண்டு குடம் இனி இல்லை. காற்று திரும்பி எங்கோ இறால் அவியும் வாடை வந்தால், மூக்குக்குத் தெரியும் முன்பே நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் அந்த இறுக்கத்தைப் பொய் என்று திட்டுவேன். இப்போது தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

நாட்களும் மாறிவிட்டன. வேலை நாள், லீவு நாள் என்று இருந்த வாரம் இப்போது மூச்சு வரும் மணி, மூச்சு குறையும் மணி என்று ஆகிவிட்டது. தடைக்காலம் முடிகிற தேதி நெருங்கினால் இன்றும் நாள்காட்டியில் மிச்ச நாளை எண்ணுகிறேன். எனக்கு அந்த ஷெட் இல்லை என்று நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரமாகிறது. குடியிருப்புக்கு வெள்ளையடிக்க வந்தவர்களை ஷம்ஷாத் அக்கா படிக்கட்டில் விடவில்லை என்பதால் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஏறும்போது பழைய தேதிகளைத் தாண்டி ஏறுகிறேன்.

போன மாதம் மல்லிகா அக்கா வீட்டுக்கு வந்தாள். படியேறி வந்தவள் பேச ஐந்து நிமிடம் ஆயிற்று. குளித்து, பூ வைத்து, பட்டுப்போல் ஒரு சேலை கட்டியிருந்தாள். எட்டு வருடமாகத் தன் இருமலை ஜல்பு, வெறும் சளி என்று சொல்லிக்கொண்டிருந்தவள். “ஒன்னிய வச்சி அன்னிக்கு சிரிச்சேன்டி. இப்ப எனக்கும் அதே விசிலு. ஒன் டாக்டரம்மாவாண்ட இஸ்துகினு போ” என்றாள்.

“இன்னிக்குத் திங்கக்கெளம. குளிச்சிட்டு வேற வந்துட்ட. வேணாம். புதன்கெளம ஷெட்டுலேர்ந்து அப்டியே வா.”

“அய்யய்ய, நாறிகினா?”

“நாறிகினுதான்.”

புதன்கிழமை அவள் தனியாக வரவில்லை. உரிக்கும் வரிசையிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டி வந்தாள். நனைந்த சேலை, பூட்ஸ், கையெல்லாம் இறால் தோல். அதே பெஞ்ச், அதே மாதிரி இரண்டு பக்கமும் இடம் காலியானது. ஒரு புது நர்ஸ் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, “யாரும்மா இவ்ளோ நாத்தத்தோட வந்திருக்கிறது?” என்று கேட்டார். அக்காவோடு வந்த மூன்று பேரும் தலைகுனிந்தார்கள். அன்று காலையில் நான் குளித்திருந்தேன். என் சேலையில் சோப்பு வாசனைதான் இருந்தது. கையைத் தூக்கினேன். “நாங்கதான் சிஸ்டர்.”

முதலில் மல்லிகா அக்காவைக் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்பது எனக்குக் கேட்டது. இருபது வருடம் அந்த வரிசையின் முதலிடத்தில் நின்றவளின் குரல், விசிலோடு சேர்ந்து, வராந்தா முழுக்கக் கேட்கும்படி வந்தது:

“எறாலு ஷெட்டும்மா. வாட அடிக்குதா? அடிக்கணும்னுதான் குளிக்காம வந்துகீறேன்.”